ஏணியின் நடுப்படி

வெற்றி பெற்ற வாழ்க்கை எது, தோற்றுப்போன வாழ்க்கை எது என்று கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். உச்சிக்குப் போனவன் ஜெயித்தவன். அடியில் கிடப்பவன் தோற்றவன். இந்த இருவரைப் பற்றியும் நமக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. ஒருவனுக்கு மாலை போடுகிறோம், இன்னொருவனுக்காக அனுதாபப்படுகிறோம். ஆனால் இடையில் நிற்கிறானே ஒருவன், அவனை என்ன செய்வது? அவன் உச்சிக்கு ஏறவும் இல்லை, பள்ளத்தில் விழவும் இல்லை. தன் வேலையைத் தெரிந்து செய்தான். வயது வந்ததும் ஓய்வு பெற்றான். அவ்வளவுதான். அவன் வாழ்க்கை வெற்றியா, தோல்வியா?

சின்னக் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. உலகத்தில் பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இடைப்பட்ட மனிதர்கள்தாம். பதில் 'தோல்வி' என்று இருக்குமானால், மனித குலமே ஒரு மாபெரும் தோல்வி என்று ஆகிவிடும். 'வெற்றி' என்று சொல்வதானால், எந்த அர்த்தத்தில் வெற்றி என்று விளக்க வேண்டும். வெறும் ஆறுதல் வார்த்தை அங்கே செல்லுபடியாகாது.

இந்த வழக்கில் நான் அழைத்து வருகிற சாட்சி ஓர் ஆங்கிலேயக் கால்பந்து ஆட்டக்காரர். டோனி ஃபோர்டு என்று பெயர். வாசகர்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கேள்விப்படாத பெயராக இருப்பதுதான் இந்த வழக்குக்குத் தேவை.

இங்கிலாந்தில் கால்பந்து என்பது ஓர் ஏணி. 1888-ல் 12 கிளப்புகள் கூடி 'லீக்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. நாளடைவில் அது பெருகி, 1958-லிருந்து நான்கு பிரிவுகளும் 92 கிளப்புகளுமாக அமைந்தது. பருவம் முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். மேலே வந்த கிளப்புகள் ஒரு படி ஏறும். கீழே நின்றவை ஒரு படி இறங்கும். தயவு தாட்சண்யம் கிடையாது. நேற்று வரை பிரபலங்களோடு மோதிக்கொண்டிருந்த கிளப், சில வருஷத்தில் ஏதோ ஒரு மில் ஊரின் சேற்று மைதானத்தில் நிற்கும். 1992-ல் முதல் பிரிவுக் கிளப்புகள் 'பிரிமியர் லீக்' என்று தனிக்குடித்தனம் போய்விட்டன. அதற்குப் பிறகு டெலிவிஷன் பணம் மழையாகப் பெய்வது அந்த உச்சிப் படியில்தான். கீழ்ப்படிகளுக்கு வருவது தூவானம்.

ஃபோர்டு 1959-ல் பிறந்தவர். 1975-ல், தமது 16-ஆவது வயதில், கிரிம்ஸ்பி டவுன் என்ற கிளப்புக்காக முதல் லீக் ஆட்டம் ஆடினார். கடைசி ஆட்டத்தை ராச்டேல் கிளப்புக்காக 2001-ல் ஆடினார். அப்போது வயது 42. இடையில் ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச், மறுபடியும் கிரிம்ஸ்பி, பிறகு ஸ்கன்தார்ப், மான்ஸ்ஃபீல்டு என்று ஊர் ஊராகப் போனார். வேறு கிளப்புகளுக்குச் சில வாரம் இரவலாகப் போனதும் உண்டு. மொத்தம் 931 லீக் ஆட்டங்கள். கோல் காக்கிறவர்களை ஒதுக்கிவிட்டால், இங்கிலீஷ் லீக்கின் சரித்திரத்தில் இத்தனை ஆட்டம் ஆடியவர் வேறு ஒருவரும் இல்லை.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. அந்த 931-ல் ஒன்றுகூட உச்சிப் படியில் ஆடியதல்ல. எல்லாம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது படிகளில்.

மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் விசித்திரம் புரியும். எல்லாரையும்விட அதிகமாக, 1,005 லீக் ஆட்டங்கள் ஆடியவர் பீட்டர் ஷில்டன் என்ற கோல் கீப்பர். அவர் இங்கிலாந்து தேசத்துக்காக 125 தடவை ஆடியவர், உலகம் அறிந்தவர். ஃபோர்டுக்கு முன்னால், கோல் காக்காதவர்களில் அதிகமாக ஆடியவர் டெரி பெய்ன். 824 ஆட்டங்கள். அவரும் 1966-ல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்துக் கோஷ்டியில் இடம் பெற்றிருந்தவர். ஃபோர்டுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 1989-ல் இங்கிலாந்தின் இரண்டாம் அணியான 'பி' அணிக்கு ஆடினார். கதவைத் தட்டியது உண்மை, கதவு திறக்கவில்லை. பிற்பாடு அரசாங்கம் எம்.பி.இ. என்ற விருதைக் கொடுத்துக் கௌரவித்தது. சால்வை போர்த்துகிற வழக்கம் எல்லா தேசத்திலும் இருக்கிறது.

அவர் ஆடிய ஸ்தானத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வலது பக்கத்து நடுக்களத்திலும் ஓரத்திலும் ஓடினார். வயது ஏற ஏறப் பின்வாங்கி, வலது பாக் ஆகவும் ஆடினார். நடுக்களம் என்பது கோல் போடுகிற இடமும் அல்ல, கோலைத் தடுக்கிற இடமும் அல்ல. பின்னால் இருப்பவன் கொடுக்கிற பந்தை வாங்கி முன்னால் இருப்பவனுக்குக் கொடுக்கிற இடம். கல்யாண வீட்டில் சமையல் கட்டுக்கும் பந்திக்கும் நடுவே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் போல. சாப்பாடு பிரமாதம் என்றால் சமையற்காரனுக்குப் பெயர். உபசாரம் பிரமாதம் என்றால் பெண்ணைப் பெற்றவருக்குப் பெயர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஆட்டம் 90 நிமிஷம். 931 ஆட்டத்தையும் முழுசாக ஆடியதாகவே வைத்துக்கொண்டாலும், மொத்தம் 83,790 நிமிஷம். நாள் கணக்கில் சொன்னால் 58 நாளும் சில மணி நேரமும். சரித்திரத்தில் இடம் பெற்ற ஒரு தொழில் வாழ்க்கை இரண்டு மாசத்துக்குள் அடங்கிவிடுகிறது! மிச்சம் 26 வருஷமும் என்ன? காலை ஓட்டம், பயிற்சி, காயம், கட்டு, பஸ் பிரயாணம், மழை, மறுபடியும் ஓட்டம். பார்க்கிறவர்களுக்குத் தெரிவது அந்த 58 நாள். வாழ்கிறவனுக்கு மிச்சமும் உண்டு.

கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட வாழ்க்கை பெரிய சங்கடம். கதைக்கு ஓர் உச்சக் கட்டம் வேண்டும். ஏழைப் பையன் பந்து உதைத்தான், பெரிய கிளப் அழைத்தது, கடைசி நிமிஷத்தில் கோல் போட்டான், ஊரே தோளில் தூக்கியது என்று எழுதலாம். அல்லது குடித்துக் கெட்டான், காலை ஒடித்துக்கொண்டான், யாரும் திரும்பிப் பார்க்காமல் செத்தான் என்றும் எழுதலாம். இரண்டுக்கும் வாசகர் உண்டு. 'சனிக்கிழமை ஆடினான், அடுத்த சனிக்கிழமையும் ஆடினான், 26 வருஷம் ஆடினான்' என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வருத்தத்துடன் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் செய்வது அவர் தொழிலுக்குச் சரி. ஆனால் நாளெல்லாம் கதையும் சினிமாவும் பார்க்கிற நாம், கதைக்கு உதவாத வாழ்க்கை உதவாத வாழ்க்கைதான் என்று நம்ப ஆரம்பித்துவிட்டோமே, அங்கேதான் கோளாறு வருகிறது. உச்சக் கட்டம் என்பது கதையின் அவசியம். வாழ்க்கைக்கு அது கட்டாயமா?

நம் நாட்டில் இதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பலனைக் கருதாமல் கடமையைச் செய்கிறவனே உயர்ந்தவன்; ஃபோர்டு ஒரு கர்மயோகி; தீர்ந்தது விஷயம் என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டக்காரன் விஷயத்தில் இது பொருந்துமா? பலனைக் கருதாமல் ஒருவன் பந்து ஆட முடியுமா? ஜெயிக்க வேண்டும் என்ற வெறி இல்லாதவனை மைதானத்தில் இறக்கினால் பத்து நிமிஷத்தில் வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். அந்தச் சனிக்கிழமை, அந்த ஆட்டத்தில், அந்தப் பந்து தன் கூட்டாளியின் காலில் போய்ச் சேர வேண்டும் என்று அவன் உயிரைக் கொடுத்து ஆசைப்படுகிறான். ஆசை இல்லாத இடத்தில் ஆட்டமே இல்லை.

ஆகவே ஆசையை ஒழித்தவன் என்று அவனைப் புகழ முடியாது. கூர்ந்து பார்த்தால், இங்கே இரண்டு விதமான பலன் இருப்பது தெரியும். ஒன்று, வேலைக்குள்ளேயே இருக்கிற பலன். பந்தைச் சரியாகக் கொடுத்தோம், எதிராளியை ஏமாற்றித் தாண்டினோம், ஆட்டத்தை ஜெயித்தோம் என்பது. அந்த வேலையைச் செய்யாமல் இதை அடையவே முடியாது. இன்னொன்று, வேலைக்கு வெளியே இருக்கிற பலன். பணம், பெயர், பத்திரிகையில் படம். இவற்றைக் கால்பந்து ஆடியும் அடையலாம். சினிமாவில் நடித்தும் அடையலாம். லாட்டரிச் சீட்டு விழுந்தும் பணம் கிடைக்கலாம். முதல் பலன் வேலையோடு பிறந்தது. இரண்டாவது வேலைக்கு வந்த விருந்தாளி. உச்சிப் படிக்கும் நடுப்படிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பகுதி இந்த விருந்தாளியைப் பொறுத்தது. முதல் பலன் நான்காம் பிரிவிலும் கிடைக்கிறது. ஸ்கன்தார்ப்பில் சரியாகக் கொடுத்த பந்து சரியாகக் கொடுத்த பந்துதான்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்துவிடலாம். 'உள்ளது போதும் என்ற மனம் வேண்டும்' என்று ஒரு மங்களம் பாடிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் இந்தப் பேச்சை ரொம்பவும் ரசித்துக் கேட்கிற ஒரு கூட்டம் உண்டு. அது சம்பளம் கொடுக்கிற கூட்டம்.

இங்கிலீஷ் கால்பந்தின் சரித்திரத்தையே பாருங்கள். 1901-ல் ஒரு விதி செய்தார்கள். எவ்வளவு கெட்டிக்காரனானாலும் ஆட்டக்காரனுக்கு வாரம் 4 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. தொகை பிறகு சிறிது சிறிதாக ஏறியது. விதி மட்டும் 60 வருஷம் அசையாமல் இருந்தது. 1961-ல் ஜிம்மி ஹில் என்பவரின் தலைமையில் ஆட்டக்காரர்களின் சங்கம் வேலைநிறுத்தம் செய்வதாக எச்சரித்த பிறகுதான் அது ஒழிந்தது. அப்போது உச்ச வரம்பு வாரம் 20 பவுன். வரம்பு போனதும் ஜானி ஹேன்ஸ் என்ற ஆட்டக்காரருக்கு அவருடைய ஃபுல்லம் கிளப் வாரம் 100 பவுன் கொடுக்க முன்வந்தது. கொடுக்க முடிந்த பணம்தான். விதியின் நிழலில் பத்திரமாக இருந்திருக்கிறது.

இன்னொரு விதி இதைவிடக் கொடுமை. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும், கிளப் விடுவிக்காவிட்டால் ஆட்டக்காரன் வேறு கிளப்புக்குப் போக முடியாது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் கோர்ட்டுக்குப் போனார். 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அந்த ஏற்பாடு ஒரு மனிதனின் தொழிலுக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். அத்தனை வருஷமும் பையன்களுக்குச் சொல்லப்பட்டது என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமல்ல. 'ஆட்டத்தை நேசி, பணத்தைப் பார்க்காதே' என்பதாகத்தான் இருந்திருக்கும். வேலைக்குள் இருக்கும் பலனை வேலைக்காரனுக்கு விட்டுவிட்டு, வெளியே இருக்கும் பலனை எஜமானர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். பரி என்ற ஊரின் கிளப் 1885-ல் பிறந்தது. 2019 வசந்த காலத்தில் அந்தக் கிளப்பின் ஆட்டக்காரர்கள் சம்பளம் ஒழுங்காக வராத நிலையிலும் ஆடி, நான்காம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு அதை ஏற்றிவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டு மாசத்தில், கிளப்பின் பணக் கணக்கு சீர்ப்படாததால், லீக் அதை வெளியேற்றியது. வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

ஆகவே 'போதும் என்ற மனம்' என்பதைப் பற்றி ஓர் எல்லைக்கோடு போட வேண்டியிருக்கிறது. 'எனக்கு இது போதும்' என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது ஞானம். 'உனக்கு இது போதும்' என்று அவனைப் பார்த்து இன்னொருவன் சொல்வது, அநேகமாக, சுரண்டல். வார்த்தை ஒன்றுதான், வாய் வேறு. நடுப்படியில் நிற்கிறவனைப் புகழுகிற நாம், எந்த வாயால் புகழுகிறோம் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்வது நல்லது. அவன் வேலைக்குரிய கூலியும் நியாயமும் அவனுக்குச் சேர வேண்டும். அதற்காக அவன் சண்டை போட்டால், அதனால் அவன் வேலையின் மேல் வைத்த பிரியம் மாசுபட்டுவிடாது. 1961-ல் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானவர்களும் ஆட்டத்தை நேசித்தவர்கள்தாம்.

இங்கே ஒரு கூர்மையான வாசகர் குறுக்கிடுவார். "நீங்கள் பேசுவது சாமானியனைப் பற்றி. சாட்சிக்கு அழைத்து வந்தவரோ சாதனையாளர். 931 என்பதே ஓர் உச்சிதானே? அந்த எண் இல்லாவிட்டால் அவரைப் பற்றி நீங்களே எழுதியிருக்க மாட்டீர்களே?" என்று கேட்பார்.

நியாயமான கேள்வி. 15, 16 வயதில் கிளப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டு, இரண்டொரு வருஷத்தில் 'நீ தேறமாட்டாய்' என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிற பையன்கள் அந்த நாட்டில் ஏராளம். மூன்று ஆட்டம் ஆடி முழங்கால் போனவன் உண்டு. ஃபோர்டின் கால்கள் 42 வயது வரை தாங்கின. உழைப்பும் ஒழுங்கும் அதற்குக் காரணம் என்றாலும், அதிர்ஷ்டத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதிர்ஷ்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது?

மிஞ்சுவது ஒரு நாள் என்று எனக்குத் தோன்றுகிறது. 931 என்ற எண் எங்கோ வானத்திலிருந்து குதித்ததல்ல. ஒன்று, ஒன்று, ஒன்று என்று சேர்ந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் ஆடியது ஓர் ஆட்டம்தான். மூன்றே ஆட்டம் ஆடி ஒதுங்கிப்போன பையனும் அந்த மூன்று நாளில் செய்தது அதே காரியத்தைத்தான். பந்து வந்தது, தன் கூட்டாளி நம்பினான், நம்பிக்கைக்குத் துரோகம் செய்யாமல் ஆடினான். இந்த அளவில் 931 ஆடியவனும் 3 ஆடியவனும் ஒரே ஜாதி. எண்ணிக்கை சரித்திரக்காரனுக்குத் தேவை. வேலையின் கௌரவம் எண்ணிக்கைக்கு முந்தியே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வேலையை யாருக்காகச் செய்தார்கள்? கிரிம்ஸ்பி ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய மீன்பிடி துறைமுகங்களில் ஒன்றாக விளங்கிய ஊர். கிளப்பின் மைதானம் பக்கத்து ஊரான கிளீதார்ப்ஸில், ஹம்பர் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஃபோர்டு ஆட ஆரம்பித்த சமயத்தில்தான் ஐஸ்லாந்து நாட்டுடன் 'காட்' மீனுக்காக நடந்த தகராறு முற்றியது. 1976-ல், ஐஸ்லாந்தின் 200 மைல் கடல் எல்லையை பிரிட்டன் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தூரக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கிரிம்ஸ்பியின் படகுகளுக்குப் பிழைப்பு போயிற்று. அந்த மாதிரியான காலத்தில் அந்தக் கிளப் 1979-ல் நான்காம் பிரிவிலிருந்து ஏறியது. 1980-ல் மூன்றாம் பிரிவின் சாம்பியனாக வந்தது. கப்பல் வேலை இழந்தவனுக்குக் கால்பந்து கஞ்சி ஊற்றாது. ஆனால் தன் ஊரின் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் மேலே ஏறுகிறது என்பதைப் பார்க்க அவனுக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தைக் காத்தவர்களில் 20 வயதுப் பையன் ஃபோர்டும் ஒருவர். அதை லண்டனிலிருந்தோ மான்செஸ்டரிலிருந்தோ யாரும் வந்து அவர்களுக்குச் செய்துகொடுக்க முடியாது.

கடைசியாக அவர் போய்ச் சேர்ந்த ராச்டேல், நெசவாளர் ஊர். கூட்டுறவு இயக்கத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1844-ல் 28 பேர் கூடி ஒரு சின்னக் கடை வைத்து, உலகத்துக்கே கூட்டுறவு வழியைக் காட்டிய ஊர் அது. அந்த ஊர்க் கிளப் 1974-லிருந்து 2010 வரை, 36 வருஷம், கடைசிப் படியிலேயே நின்றது. ஏறவும் இல்லை, விழுந்து ஒழியவும் இல்லை. அந்த 36 வருஷமும் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். உச்சியைப் பார்ப்பதற்காகத்தான் என்றால், பக்கத்து மான்செஸ்டருக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். போகாதவர்கள் இருந்தார்கள். தங்கள் ஊர் ஆள் தங்களுக்காக ஓடுவதைப் பார்க்க அவர்களுக்கு ராச்டேல் தேவையாக இருந்தது. அவர்களுக்காகத்தான் 42 வயது மனிதர் ஒருவர், இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே, தாமும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

நம் வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிறோம்: "நீ என்னவாகப் போகிறாய்?" கேள்வியின் தொனியிலேயே பதிலும் இருக்கிறது. முதல் படியைத் தவிர மற்றதெல்லாம் அவமானம் என்று அந்தக் குழந்தை புரிந்துகொள்கிறது. பத்தாயிரம் பேர் எழுதுகிற பரீட்சையில் ஒருவன்தான் முதலாவதாக வர முடியும் என்பது எளிய கணக்கு. ஆனாலும் மீதி 9,999 பேரின் வீட்டிலும் முகம் தொங்குகிறது. ஏணியில் ஏறாதே என்று யாருக்கும் உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஃபோர்டும் ஏறப் பார்த்தவர்தான்; அழைப்பு வந்திருந்தால் மறுத்திருக்க மாட்டார். ஏற முடியாமல் போனதும், நிற்கிற படியை வெறுக்காமல், அங்கே செய்ய வேண்டிய காரியத்தைக் குறைக்காமல் செய்தார். வெற்றி என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம் இருந்தால் அதில் இதுவும் அடங்கியாக வேண்டும்.

பிள்ளையிடம் கேட்க வேறொரு கேள்வியும் இருக்கிறது: "இன்றைக்கு உன்னிடம் வந்த பந்தை என்ன செய்தாய்?" உயரப் போனவனும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நடுப்படியில் நிற்கிறவன் இதற்குத் தலைகுனியாமல் பதில் சொல்ல முடிந்தால், அவனைப் பார்த்து இரக்கப்படுகிற வேலையை நாம் நிறுத்திக்கொள்ளலாம்.